குருதி கூறும் நரம்பின் நிலை

வீதி விபத்தொன்றிலே மேற்கையின் எலும்பு முறிந்த ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். வைத்தியசாலையில் எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கப்படுகின்றது. எலும்பு எவ்விடத்தில், எவ்வாறு முறிந்துள்ளது என்பதை அப்படம் ஐயந்திரிபறக் காட்டுகின்றது. கட்டுப் போடப்படுகின்றது. சில வாரங்களில் எலும்பு பொருந்திவிடும் என்ற ஆறுதல் வீட்டாருக்குக் கிடைக்கின்றது. ஆனால் அவனுடைய மணிக்கட்டு நிமிர மறுக்கின்றது. நீர் காணாத கொடியின் நுனிபோலக் கை கீழ்நோக்கித் தொங்குகின்றது. விரல்களை நீட்டவும் இயலவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புறங்கையிலே தொட்டால் உணர்வு இல்லை.

மேற்கை எலும்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் செல்லும் ஆரைநரம்பு பழுதுற்றதன் அடையாளம் இது. அவ்வெலும்பின் தண்டு முறியப்பெற்றவருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இத்துன்பம் நேர்கின்றது. இவர்களுட் பெரும்பாலோர் நரம்பிலே கத்தி படாமலே சில மாதங்களிற் குணமடைகின்றனர். எஞ்சிய சிலருக்கு நரம்பு அறுந்திருக்கும். அல்லது தழும்பினாற் சிக்குண்டு வளரவியலாது கிடக்கும். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவை. இவ்விளைஞன் எப்பிரிவைச் சேர்ந்தவன்? முதல்நாளில் இவ்வினாவுக்கு விடை கூறுவது அனுபவம் முதிர்ந்த வைத்தியருக்கும் அரிது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்கதிர் சாட்சி கூறுவது போல, நரம்பு முறிவுக்குச் சாட்சி கூறவல்லது எது? அச்சாட்சியைக் குருதியிலே தேடும் விஞ்ஞானிகளின் முயற்சியே இப்பேச்சின் பொருள்.

முதலில் நரம்பு என்பது யாது என அறிதல் வேண்டும். மூளையும் முண்ணாணும் நடுநரம்புத் தொகுதி எனப்படும். அவற்றினின்றும் புறப்பட்டுக் கைகால்களுக்கும் தோலுக்கும் தசைகளுக்கும் செல்லுபவை சுற்றயல் நரம்புகள். வெட்டிப் பார்த்தால், ஒரு நரம்பு பல்லாயிரம் நுண்ணிழைகள் கொண்ட கயிறு போன்று தோன்றும். ஒவ்வோர் இழையும் முண்ணாணிலோ அதன் அருகிலோ உள்ள ஒரு கலத்தின் நீட்சியாகும். இவ்விழையை அக்சன் என்பர். கலத்தின் உடல் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. அதன் இழையோ இடுப்பிலிருந்து பாதம் வரை செல்வதாயின் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுடையது. இழையைச் சுவான் கலங்கள் பேணி நிற்கின்றன. பருத்த இழைகளுக்கு அவை மயலின் என்னும் கொழுப்புறையையும் போர்த்துகின்றன. மின்கம்பிக்குக் கம்பியும் உறையும் இருப்பது போல, நரம்புக்கும் இழையும் உறையும் உண்டு எனலாம்.

இத்துணை மெல்லிய இழை நெடுந்தூரம் சென்றும் அறுந்துபோகாமல் இருப்பது எவ்வாறு? அதனுள்ளே நெடுக்குவாட்டில் ஓடும் புரத நார்கள் அதற்கு உறுதி அளிக்கின்றன. இந்நார்களுக்கு நியூரோபிலமென்ற் என்பது பெயர். பனையோலைப் பெட்டிக்கு ஈர்க்கு உறுதி தருவது போல, நரம்பிழைக்கு இவை உறுதி தருகின்றன. இந்நார்களை ஆக்கும் புரதங்களுள் எடை குறைந்தது ஒன்றுண்டு. இலேசான நியூரோபிலமென்ற் என்று அதனைக் குறிப்பிடலாம். அதன் பணி இழையினுள்ளேயே அடங்கியது. இழை நலமாக இருக்கும்போது அது வெளியே கசிவது மிகச் சொற்பம். இழை சிதைந்தாலோ அது வெளிப்பட்டுச் சுற்றியுள்ள பாய்பொருளிற் கலந்து, ஈற்றிலே குருதியை அடைகின்றது. இனிக் கூறப்போகும் செய்திகள் யாவும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவை.

நரம்புக் காயங்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் போர்க்களங்களிலே பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலதெல்பியா நகரில் நரம்புக் காயமுற்ற போர்வீரருக்கெனத் தனி வைத்தியசாலையொன்று இயங்கிற்று. அங்கே பணியாற்றிய வெயர் மிற்செல் என்னும் வைத்தியர் தம் தோழர் இருவருடன் சேர்ந்து, துப்பாக்கிக் குண்டுகளால் நரம்புகளுக்கு நேரும் காயங்களைப் பற்றி 1864ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். காயம் ஆறிய பின்னரும் தீயெரிவது போன்ற வேதனை நீடிப்பதை அவர் அந்நூலில் விரித்துரைத்தார்.

அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, 1850இல், அகஸ்ரஸ் வோலர் என்னும் ஆங்கிலேயர் முக்கியமான உண்மையொன்றை இலண்டன் அரச கழகத்திற்கு அறிவித்திருந்தார். தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அவர் அறுத்து, பின்னர் நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினார். அறுத்த இடத்துக்கு அப்பாற்பட்ட பகுதி முழுவதும் சிறிது சிறிதாகச் சிதைந்து போவதைக் கண்டார். தாய்க்கலத்தினின்றும் பிரிக்கப்பட்ட இழை வாழாது. வேரோடு தொடர்பற்ற கிளை சில நாள் பசுமையாகத் தோன்றினும் பின்னர் வாடுவது போல்வதே இது. இச்சிதைவு இன்றும் வோலரின் பெயராலேயே வழங்குகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, 1943ஆம் ஆண்டில், ஹேபேட் செடன் என்னும் ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். முதல்வகையில் இழை அறுவதில்லை. உறை மாத்திரம் நசுங்கியிருக்கும். செய்தி செல்வது சிலகாலம் தடைப்படும். நரம்பு திகைத்து நிற்கின்றதென்று இதனைச் சொல்லலாம். இது வாரங்களில் அல்லது சில மாதங்களில் தானாகவே நீங்கும். இரண்டாம் வகையில் உள்ளிழைகள் அறுந்திருக்கும். ஆயினும் அவற்றைச் சூழ்ந்த குழாய்கள் குலையாதிருக்கும். இழைகள் அக்குழாய்களின் வழியே மீண்டும் வளர்ந்து செல்லலாம். மூன்றாம் வகையில் நரம்பு முழுவதுமே துண்டாகிவிடும். அதனைத் தைத்து இணைத்தாலன்றிப் பயனில்லை. 1951இல் அவுஸ்திரேலியரான சிட்னி சண்டர்லண்ட் இப்பிரிவை மேலும் நுணுக்கி ஐந்து படிகளாக வகுத்தார்.

மூன்று வகையும் முதல்நாளில் ஒரே தோற்றத்தையே காட்டுகின்றன. திகைத்த நரம்புடையவனுடைய கையும் தொங்குகின்றது. துண்டான நரம்புடையவனுடைய கையும் தொங்குகின்றது. இருவருக்கும் ஒரேவிதமான மரத்தல், ஒரேவிதமான தளர்ச்சி. ஆனால் ஒருவனுக்குத் தேவைப்படுவது பொறுமை. மற்றவனுக்குத் தேவைப்படுவது சத்திரசிகிச்சை. திகைத்த நரம்பிலே கத்தியை வைப்பது வீண் துன்பம். துண்டான நரம்பைத் தானாகப் பொருந்தும் என்று காத்திருப்பதோ மீட்கமுடியாத நட்டம்.

மீட்கமுடியாத நட்டம் என்பது மிகைப்படக் கூறியதன்று. அறுந்த இழை மீண்டும் வளரும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேகத்திலேயே வளர்கின்றது. ஒரு மாதத்தில் மூன்று சென்ரிமீற்றர். மேற்கையின் நடுவிலே அறுந்த இழை, முழங்கையருகே உள்ள முதற்றசையை அடைவதற்கே மூன்று நான்கு மாதங்கள் ஆகும். தோளருகே அறுந்து, எழுபது சென்ரிமீற்றர் தூரம் சென்று உள்ளங்கைத் தசைகளை அடைய வேண்டுமாயின் ஏறக்குறைய இரண்டாண்டுகள் செல்லும். தசையோ அதுவரை காத்திருப்பதில்லை. நரம்பின் தொடர்பை இழந்த தசை நாளடைவில் மெலிந்து நாராகின்றது. பன்னிரண்டு தொடக்கம் பதினெட்டு மாதங்கள் கடந்தபின் நரம்பு வந்து சேர்ந்தாலும் அத்தசை பெரும்பாலும் இயங்குவதில்லை. ஆகவேதான், நரம்பைத் தைப்பதாயின் முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களுக்குள் தைப்பதே நன்று என நிபுணர் கருதுகின்றனர். காத்திருத்தலும் ஒருவகைச் சிகிச்சையே. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அவ்வெல்லைக்குள் உண்மையை அறிய வைத்தியர் கையாளும் வழிகள் யாவை? மிக எளியது விரலால் தட்டிப் பார்த்தல். நரம்பின் வழியே மெல்லத் தட்டிச் செல்லும்போது, வளர்ந்துவரும் இழைநுனி உள்ள இடத்தில் எறும்பூர்வது போன்ற கூச்சம் எழும். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டில் தினெல் என்பவரும் ஜேர்மனியில் ஹொவ்மன் என்பவரும் தனித்தனியே இதனைக் கூறினர். எதிரெதிர்ப் படைகளுக்கு வைத்தியம் செய்த இருவர் ஒரே ஆண்டில் ஒரே உண்மையைக் கண்டமை வியப்புக்குரியது. மாதந்தோறும் அக்கூச்சம் கீழே கீழே நகருமாயின் நரம்பு வளர்கின்றதென்பது தெளிவு. ஆனால் இதனை அறிய மாதங்கள் வேண்டும்.

மற்றது மின்சோதனை. நரம்பை மின்னாலே தூண்டி, தசையின் எழுச்சியை அளவிடுவது இம்முறை. இது சிறந்த சோதனையாயினும் முதல்நாட்களில் ஏமாற்றவல்லது. இழை அறுந்த பின்னரும் அதன் கீழ்ப்பகுதி சில நாட்களுக்கு உயிர்ப்போடு மின்னைக் கடத்திக்கொண்டே இருக்கும். இயக்க இழைகள் ஒரு வாரம் வரையிலும், உணர்விழைகள் அதனிலும் சில நாட்கள் கூடவும் இவ்வாறு கடத்தும். நரம்பிழந்த தசை காட்டும் தனிப்பட்ட மின்துடிப்புகளோ இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னரே தோன்றும். மேலொலிப் படமும் காந்தப் படமும் நரம்பின் உருவைக் காட்டுகின்றன. முற்றிலும் துண்டான நரம்பைத் தேர்ந்த கைகள் மேலொலியினால் இனங்காணவும் கூடும். எனினும் முழுதாகத் தோன்றும் நரம்பினுள்ளே இழைகள் எத்தனை அழிந்தன என்பதை உருவம் கூறுவதில்லை.

இவ்விடத்திலேதான் குருதியின் துணை நாடப்படுகின்றது. நரம்பு நோய்களில் குருதியைச் சோதிப்பது புதியதன்று. நீரிழிவு உண்டா, பீ பன்னிரண்டு உயிர்ச்சத்து குறைந்துள்ளதா என்பனவற்றை அறிவதற்குக் குருதி நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டு வருகின்றது. ஆனால் அச்சோதனைகள் நரம்பைக் கெடுக்கும் காரணத்தைக் காட்டுவன. நரம்பு எவ்வளவு கெட்டது, இன்னமும் கெட்டுக்கொண்டிருக்கின்றதா என்பதை அவை கூறா. இதயத் தசை நலிந்தால் அத்தசைக்குரிய புரதம் குருதியிலே தோன்றுகின்றது. அதனை அளந்து மாரடைப்பை உறுதிசெய்கின்றனர். அவ்வாறே நரம்பிழை சிதைந்தால் அதற்குரிய புரதம் குருதியிலே தோன்றும் அன்றோ? அத்தகைய பொருள்களைக் குறிகாட்டிகள் என்பர்.

கருத்து எளிது, அளப்பது கடினமாக இருந்தது. நலமுள்ள இளவயதினர் ஒருவரின் குருதிநீரில், ஒரு மில்லிலீற்றருக்கு இலேசான நியூரோபிலமென்ற் பெரும்பாலும் பத்துப் பிகோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். பிகோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சங் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் ஆழமும் உள்ள குளமொன்றிலே ஒரு சிட்டிகை உப்பை, அதாவது ஒரு கிராம் உப்பை, கரைத்துவிட்டு அதில் ஒரு துளியை எடுத்து உப்பின் அளவைக் கேட்டால் எப்படியிருக்கும்? அதுவே இங்கே கேட்கப்படுவது. அதனால், முன்னர் இப்புரதத்தை மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளிலேதான் அளந்தனர். அங்கே அது செறிந்திருக்கும். ஆனால் அதனைப் பெற முதுகிலே ஊசி ஏற்ற வேண்டும். வாரந்தோறும் எவரும் அதற்கு உடன்படுவாரல்லர்.

2010ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறையொன்றை வெளியிட்டனர். தேடும் புரதத்தை மாத்திரம் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகளைக் குருதிநீரிலே கலக்கின்றனர். மணிகள் மிகப் பல. புரத மூலக்கூறுகள் மிகச் சில. ஆதலால் ஒரு மணியிலே பெரும்பாலும் ஒரு மூலக்கூறே ஒட்டும். பல மணிகள் வெறுமையாகவே இருக்கும். பின்னர் நொதியம் பூட்டிய இன்னொரு பிறபொருளெதிரி அம்மூலக்கூறை அடையாளமிடுகின்றது. ஒரு மணி மாத்திரம் கொள்ளும் நுண்குழிகள் ஆயிரக்கணக்கில் அமைந்த தட்டிலே மணிகளைப் பரப்புகின்றனர். புரதம் பற்றிய மணியுள்ள குழி ஒளிரும். ஒளிர்ந்த குழிகளை எண்ணினால் புரதத்தின் அளவு தெரியும். வயலிலே மின்மினிகளை எண்ணுவது போன்ற வேலை இது. இம்முறை வந்த பின்னர், கையிலே எடுத்த சில துளிக் குருதி போதுமானதாயிற்று.

இச்சோதனையின் பயன் முதலிலே தெளிவானது காயங்களிலன்று; உடல் முழுவதும் பரவிய நரம்பு நோய்களிலேயே. கியான் பாரே நோய் அவற்றுள் ஒன்று. 1916இல் பிரெஞ்சு வைத்தியர்கள் இரு போர்வீரரிடம் கண்டு விவரித்த இந்நோயிலே, உடலின் பாதுகாப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகின்றது. சில நாட்களிலே கால்களும் கைகளும் தளர்ந்துவிடும். சிலருக்கு உறை மாத்திரம் கெடுகின்றது. அவர்கள் விரைவிலே எழுந்து நடப்பர். சிலருக்கு இழையே அழிகின்றது. 2020இல் ஸ்பானிய நாட்டு வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்விலே, நோயின் தொடக்கத்தில் நியூரோபிலமென்ற் அளவு மிக உயர்ந்திருந்தவர்கள் ஓராண்டு சென்ற பின்னரும் ஓடவியலாதவராக இருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. நோயாளியின் தோற்றம் கூறாத செய்தியைக் குருதி தொடக்கத்திலேயே கூறிற்று.

நோயை அறிவதிலன்றி, சிகிச்சையைக் கண்காணிப்பதிலும் இது உதவுகின்றது. போர்த்துக்கல் நாட்டின் வடகரையிலுள்ள மீனவர் குடும்பங்களிலே பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோயை 1952இல் அந்திராடே என்னும் வைத்தியர் விவரித்தார். ஈரலிலே பிறக்கும் ஒரு புரதம் உருக்கெட்டு நரம்புகளிலே படிவதே அதன் காரணம். முதலிலே பாதம் மரக்கும். பின்னர் மரத்தல் மேலேறும். அப்புரதம் உண்டாவதைத் தடுக்கும் பத்திசிரான் என்னும் மருந்து 2018இல் அனுமதி பெற்றது. மருந்து பெற்றவரின் குருதியில் நியூரோபிலமென்ற் குறைந்ததும், வெறும் ஊசி பெற்றவரிடம் அது உயர்ந்ததும் 2021இல் வெளியான ஆய்வினால் அறியப்பட்டன. மரத்த பாதத்திலே உணர்ச்சி திரும்புவதைக் காண நெடுநாள் வேண்டும். அழிவு நின்றதா என்பதைக் குருதி முன்னதாகவே உணர்த்துகின்றது.

2023ஆம் ஆண்டில் இன்னொரு படியும் கடக்கப்பட்டது. இயக்க நரம்புக் கலங்கள் அழியும் கொடிய நோயின் ஒரு பரம்பரை வகைக்கு ரொபேசன் என்னும் மருந்தை அமெரிக்க அரசின் மருந்துத் திணைக்களம் அனுமதித்தது. குருதியிலே நியூரோபிலமென்ற் குறைந்தமையே அவ்வனுமதிக்கு முக்கிய ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்ரீன், பக்லிராக்சல் போன்ற மருந்துகள் விரல்நுனிகளை மரக்கச் செய்வதுண்டு. எலிகளுக்கு வின்கிறிஸ்ரீன் கொடுத்துச் செய்த சோதனைகளில், நரம்புச் சிதைவு மிக மிக இப்புரதமும் குருதியிலே மிகுவது கண்டறியப்பட்டது. நோயாளியின் நரம்புக்கு மீளாக் கேடு வருமுன் மருந்தின் அளவைக் குறைப்பதற்கு இது வழிகாட்டுமா என்பது இப்பொழுது ஆராயப்பட்டு வருகின்றது.

இத்தகைய கண்காணிப்பின் தேவையை இலங்கை மக்கள் துயரமான அனுபவமொன்றினால் அறிந்தவர்கள். 1977, 1978ஆம் ஆண்டுகளிலே தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இருபது தமிழ்ப் பெண்பிள்ளைகள் கைகால் தளர்ந்து நோயுற்றனர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது அக்குடும்பங்களின் வழக்கம். அன்போடு ஊட்டிய அவ்வெண்ணெயிலே முக்கிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தமையை வைத்தியர்களான சேனநாயக்காவும் ஜெயரத்தினமும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். இந்நஞ்சின் கொடுமை யாதெனில், உட்கொண்ட உடனே நரம்பு தளர்வதில்லை. ஒன்று தொடக்கம் மூன்று வாரங்கள் சென்ற பின்னரே கால்கள் தளரும். அந்நாட்களிலே தாய் மேலும் எண்ணெய் கொடுத்துக்கொண்டேயிருந்தால் அவளை யார் குறைகூற முடியும்? நரம்பு கெடுவது ஒருநாள், அது புலப்படுவது மற்றொருநாள் என்பதே இவ்விடர்கள் யாவற்றிலும் பொதுவான துன்பம்.

இனி, கை தொங்க நின்ற இளைஞனிடம் மீளலாம். அவனுடைய குருதியைச் சோதித்து, நரம்பு திகைத்ததா அறுந்ததா என்று கூறிவிட முடியுமா? உறை மாத்திரம் நசுங்கினால் இழைப்புரதம் பெரிதும் வெளிப்பட இடமில்லை. இழை அறுந்தால் வெளிப்படும். ஆகவே தத்துவத்திலே இது சரியான வினாவுக்குச் சரியான சோதனை. நடைமுறையிலோ சில தடைகள் உள்ளன. அவற்றை மறைத்துப் பேசுவது நோயாளிக்கு நன்மை செய்யாது.

முதற்றடை, குருதி இடத்தைக் கூறுவதில்லை. நியூரோபிலமென்ற் மூளையிலும் உண்டு, கைநரம்பிலும் உண்டு. விபத்திலே தலையும் அடிபட்டிருந்தால், குருதியிலுள்ள புரதம் எங்கிருந்து வந்ததென்று பிரித்தறிதல் இயலாது. இரண்டாந்தடை, ஒற்றை நரம்பிலுள்ள இழைகள் உடலின் மொத்த இழைகளுள் மிகச் சிறுபகுதி. உடல் முழுவதும் நரம்பு அழியும் நோயிலே புரதம் வெள்ளமாக வரும். விரலுக்குச் செல்லும் சிறு நரம்பொன்று அறுந்தாலோ ஊற்றுநீர்போலக் கசியும். மூன்றாந்தடை, நலமுள்ளவரிடையேயும் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. வயது ஏற ஏற அது உயரும். சிறுநீரகம் நலிந்தவரிடம் கூடுதலாகவும், உடல் பருத்தவரிடம் குறைவாகவும் காணப்படும். வெவ்வேறு கருவிகள் ஒரே குருதிக்கு வெவ்வேறு எண்களைத் தருவதும் உண்டு. மேலும், இரண்டாம் வகைக் காயத்திலும் மூன்றாம் வகைக் காயத்திலும் இழை அறுகின்றது. குழாய் குலையாதிருக்கின்றதா, நரம்பே துண்டாயிற்றா என்பதைப் புரதத்தின் அளவு பிரித்துக் காட்டாது.

இத்தடைகளுட் சிலவற்றை நீக்கும் வழிகள் தேடப்படுகின்றன. பெரிபெரின் என்னும் மற்றொரு நார்ப்புரதம், பெயருக்கேற்பச் சுற்றயல் நரம்புகளிலேயே பெரிதும் காணப்படுகின்றது. இழையழிவுள்ள கியான் பாரே நோயாளரின் குருதியிலே அது உயர்வதும், மூளை நோயுள்ளவரிடம் அவ்வாறு உயராமையும் 2023இல் வெளியான ஆய்விலே காட்டப்பட்டன. நியூரோபிலமென்ற் நரம்பிழை அழிகின்றதெனக் கூறும். பெரிபெரின் அது மூளையிலன்று, புறநரம்பிலே எனக் கூறும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சாட்சியம் வலுப்பெறும். உறையைப் பேணும் சுவான் கலங்களிலிருந்து வரும் புரதமொன்று, பரம்பரையாக உறை கெடும் நோயுடையவரின் குருதியிலே மிகுந்திருப்பதும் 2020இல் அறிவிக்கப்பட்டது. இழைக்கு ஒன்று, இடத்திற்கு ஒன்று, உறைக்கு ஒன்று எனப் பல குறிகாட்டிகளை ஒருங்கே அளக்கும் காலம் வரலாம்.

இன்று, ஒரு கையின் நரம்பைத் திறப்பதா விடுவதா என்பதைக் குருதிச் சோதனை ஒன்றைக்கொண்டு எந்த வைத்தியரும் முடிவு செய்வதில்லை. விரலால் தட்டுதல், தசையின் பலத்தைச் சோதித்தல், மூன்று வாரத்தின் பின் மின்சோதனை, மேலொலிப் படம் ஆகியனவே முடிவுக்கு அடிப்படை. இவற்றோடு குருதியும் ஒரு சாட்சியாகச் சேருமாயின், தனியொரு நாளின் எண்ணைவிடத் தொடர்ந்து எடுத்த எண்களே கூடிய பயன் தரும். ஒருவருடைய இன்றைய அளவை அவருடைய முந்திய அளவோடு ஒப்பிட்டால், வயதாலும் உடலமைப்பாலும் வரும் வேறுபாடு பெரிதும் நீங்கிவிடும். உயர்ந்த அளவு படிப்படியாகத் தாழ்ந்தால் அழிவு ஓய்ந்தது. தாழாது நின்றால் நரம்பை இன்னமும் ஏதோ நெரிக்கின்றது அல்லது நஞ்சூட்டுகின்றது என ஐயுற வேண்டும். ஆயினும் அழிவு ஓய்ந்தமை வேறு. நரம்பு மீள வளர்ந்தமை வேறு. வளர்ச்சியை இன்றும் அந்தப் பழைய விரற்றட்டும், மெல்ல நிமிரும் மணிக்கட்டுமே அறிவிக்கின்றன.

குறிகாட்டிகளைத் தேடுவோர் விரும்புவது காலத்தை மிச்சப்படுத்துவதையே. மூன்று மாதம் காத்திருந்து அறிந்த செய்தியை மூன்று நாளில் அறிந்தால், துண்டான நரம்பு உரிய காலத்திலே தைக்கப்படும். திகைத்த நரம்பு கத்திக்குத் தப்பும். தச்சனுக்கும் தையற்காரிக்கும் கமக்காரனுக்கும் கையே முதல். அவர்கள் இழப்பது ஓர் உறுப்பின் அசைவை மட்டுமன்று, குடும்பத்தின் உணவையுமாகும்.

ஆய்வுகூடத்திலே நடைபெறும் இம்முயற்சிகள் நிறைவேறும் வரையில், பொதுமக்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வெட்டுக்காயத்தின் பின் விரல் மரத்திருந்தாலோ, எலும்பு முறிவின் பின் கையோ பாதமோ நிமிராதிருந்தாலோ, காயம் ஆறினால் எல்லாம் சரியாகும் என்று வீட்டிலே இருத்தல் ஆகாது. அந்நாளிலேயே வைத்தியரிடம் அதனைக் கூறுதல் வேண்டும். குருதி பேசும் காலம் வந்தாலும், முதலிற் பேச வேண்டியவர் நோயாளியே.